ஆமேச்சரில் ஒரு பள்ளம்

நல்லூரில் எங்கள் ஒழுங்கை முனையில் மோட்டர் கட்டும் கடை ஒன்று இருக்கிறது. தோட்டக் கிணற்றுப் பம்பிகள்தான் அங்கே அதிகம் வரும். போன கிழமை பொறி பறந்த என் ட்ரில் மிசினைக் கொண்டுபோனேன். கடைக்கார அண்ணை கழற்றி, சுழலும் பாகமான ஆமேச்சரைக் கையில் தந்தார். அதன் இரும்பு விளிம்பில் அரத்தால் இழுத்தது போல ஒரு பள்ளம்.

"உது பழுது இல்லைத் தம்பி. தொழிற்சாலையில வேணுமெண்டு வெட்டினது."

காரணம் வேகம். பம்பி மோட்டர் எங்கள் 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்தில் நிமிடத்துக்கு 3000 சுற்றைத் தாண்டாது. கைக்கருவி மோட்டர் 20,000க்கு மேலும் சுற்றும். சின்ன மோட்டருக்குச் சுவரைத் துளைக்கும் வலு வருவது அந்த வேகத்தால்தான். பற்சில்லுகள் வேகத்தைக் குறைத்து முறுக்கு விசையைக் கூட்டுகின்றன. 1895இல் ஜேர்மனியில் ஃபைன் நிறுவனம் செய்த, கையில் பிடித்து இயக்கும் முதல் மின் துளைக்கருவி 7.5 கிலோ எடை. இன்று ஒற்றைக் கையில் தூக்குகிறோம்.

ஆமேச்சர் ஒரே இரும்புக் கட்டி அல்ல. கட்டியாக இருந்தால் உள்ளே சுழல் மின்னோட்டம் ஓடிக் கொதித்துவிடும். அதனால் சிலிக்கன் கலந்த, அரை மில்லிமீற்றர் அளவு தடிப்புள்ள உருக்குத் தகடுகளை அச்சில் வெட்டி, அடுக்கி, தண்டில் இறுக்குகிறார்கள். காடிகளில் காப்புத்தாள் செருகியதும் எனாமல் பூசிய செப்புக் கம்பியை இயந்திரம் சுற்றுகிறது. கம்பி நுனிகள் கொமியூட்டேற்றர் எனும் செப்புப் பட்டை வளையத்தின் கொக்கிகளில் மாட்டப்படும். மின்சூட்டில் எனாமல் எரிந்து செம்போடு செம்பு இறுகும். பிறகு சூடான ஆமேச்சரைச் சுழலவிட்டு, ரெசினைச் சொட்டுச் சொட்டாக ஊற்றுகிறார்கள். அது இறுகாவிட்டால் கம்பிகள் ஒன்றோடொன்று உரசி எனாமல் தேய்ந்துவிடும். பிறகு கொமியூட்டேற்றரைக் கடைந்து வழவழப்பாக்குகிறார்கள்.

பள்ளம் விழுவது அதன்பிறகு. ஒரு பக்கத்தில், நடுவிலிருந்து ஒன்றரைச் சென்ரிமீற்றர் தள்ளி, ஒரேயொரு கிராம் கூடினாலும் 20,000 சுற்று வேகத்தில் அது 6 கிலோவுக்கு மேற்பட்ட பாரம்போலத் தண்டை இழுக்கும். பெயரிங் தாங்காது. ஆகவே சுழற்றிப் பார்த்து, பாரம் கூடிய பக்கத்தில் இரும்பைச் சுரண்டி எடுக்கிறார்கள். கம்பியைக் கையால் சுற்றிவிடுகிற அண்ணையே இந்த வேலைக்கு முன்னால் மரியாதையோடு நிற்கிறார்.

என் மிசினில் கெட்டது ஆமேச்சர் அல்ல. அதற்கு மின்சாரம் கொடுக்கும் இரண்டு கார்பன் துண்டுகள் கட்டையாகத் தேய்ந்திருந்தன. இன்னும் கொஞ்ச நாள் ஓட்டியிருந்தால் அந்தப் பொறியே கொமியூட்டேற்றரைத் தின்றிருக்கும். உங்கள் மிசினிலும் பொறி கூடினால் நிறுத்துங்கள். கார்பன் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள்.