இழுக்கும் கயிறு அறுந்தால்...

அதிகாலை நேரம். தோணியைக் கடலில் இறக்கிவிட்டு, எஞ்சினின் கயிற்றை ஓங்கி இழுக்கிறார் வீட்டுக்காரர். கயிறு அறுந்து கையோடு வந்துவிடுகிறது. கரையோரத்தில் இப்படி நடந்தால் ஒருநாள் உழைப்புத்தான் போகும். நடுக்கடலில் நடந்தால்?

கற்பிட்டி, கிண்ணியா, மூதூர் என்று கடற்றொழிலை நம்பி வாழும் நம் குடும்பங்களில் பழைய வெளியிணைப்பு இயந்திரமும் வீட்டில் ஓர் ஆளைப் போலத்தான். அதைப் பற்றிப் பெண்களுக்கு எதற்கு என்று நினைக்காதீர்கள். அந்த எஞ்சினின் கதையிலேயே ஒரு பெண் இருக்கிறார்.

நோர்வேயில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்தவர் ஓல் எவின்ரூட். ஒரு கோடைநாளில் பெஸ் ஐஸ்கிரீம் கேட்டதற்காக ஏரியைத் துடுப்பு வலித்துக் கடந்து போனாராம். திரும்பி வருவதற்குள் அது உருகிவிட்டதாம். படகுக்கு எஞ்சின் செய்யும் எண்ணம் அப்படித்தான் பிறந்தது என்பார்கள். 1909இல் அந்த எஞ்சின் விற்பனைக்கு வந்தபோது, அலுவலக வேலைகளையும் விளம்பரத்தையும் கவனித்தவர் அவர் மனைவி பெஸ்தான்.

அன்று எஞ்சின் தலையிலிருந்த கனத்த சில்லைக் கையால் சுழற்றினார்கள். பின்னர் ஒவ்வொரு முறையும் கயிறு சுற்றி இழுத்தார்கள். தானாகச் சுருளும் கயிறு அதற்குப் பிறகு வந்தது. அதன் உள்ளே இருப்பவை மூன்று: கயிறு சுற்றிய கப்பி, கயிற்றைத் திரும்ப இழுக்கும் சுருள்வில், சில்லைப் பற்றிக்கொள்ளும் கொக்கி.

கோளாறைக் கண்டறிவதும் எளிது. இழுத்த கயிறு திரும்பிப் போகாமல் தொங்கினால், சுருள்வில் உடைந்திருக்கலாம் அல்லது கழன்றிருக்கலாம். கயிறு இலேசாக வந்தும் எஞ்சின் சுழலாவிட்டால், உப்போ காய்ந்த கிறீஸோ கொக்கியை ஒட்டவைத்திருக்கும். கயிற்றில் நார் பிரிந்திருந்தால் மாற்றும் நேரம் வந்துவிட்டது.

வேலையைத் தொடங்குமுன் பிளக் வயரைக் கழற்றிவிட வேண்டும். மூடியோடு கப்பியைக் கழற்றியெடுத்து, கப்பியை இறுகப் பிடித்தபடி சுருள்வில்லின் முறுக்கை மெதுவாகத் தளர்த்த வேண்டும். புதிய நைலோன் கயிறு பழையதன் அதே தடிப்பும் நீளமுமாக இருக்கட்டும். நுனியை நெருப்பில் காட்டி உருக்கினால் நார் பிரியாது. கப்பியை வேண்டிய அளவு முறுக்கிப் பிடித்து, துவாரத்தில் கயிற்றைக் கோத்து முடிச்சிட்டு, மெல்ல உள்ளே சுருளவிட வேண்டும். கயிறு முழுவதும் வெளியே வந்த பின்னும் கப்பி சற்றுச் சுழல இடமிருக்க வேண்டும். இல்லையேல் சுருள்வில் உடையும்.

ஓர் எச்சரிக்கை. அந்தச் சுருள்வில் கத்தி போன்ற உருக்குத் தகடு. பெட்டியிலிருந்து துள்ளிப் பாய்ந்தால் கையைக் கிழிக்கும், கண்ணையும் பறிக்கும். கண்ணாடியும் தடித்த கையுறையும் இல்லாமல் யாரும் அதைத் தொடக்கூடாது. பழக்கமில்லாதவர்கள் அதைத் திருத்துபவரிடம் விடுவதே நல்லது. பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள்.

பல பழைய எஞ்சின்களின் சில்லில் கயிறு சுற்றுவதற்கென்றே வெட்டு இருக்கும். முடிச்சிட்ட உதிரிக் கயிறொன்றைத் தோணியில் வைத்திருந்தால் ஆபத்துக்கு உதவும். அப்போது கியர் நியூட்ரலில் இருக்க வேண்டும். சுழலும் சில்லில் உடுப்பு சிக்காமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சகோதரிகளே, இன்று மாலை எஞ்சின் வீட்டுக்கு வந்ததும் கயிற்றை முழுவதும் இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நார் பிரிந்திருந்தால் நாளைக்குத் தள்ளிப்போட வேண்டாம். கடலுக்குப் போனவர் கரை திரும்பும்வரை வாசலைப் பார்த்திருப்பவர்கள் நாம்தானே!