42 இடங்கள், தமிழ்நாட்டுக்கு ஒன்றும் இல்லை: இளையோர் கால்பந்துக் கணக்கை வாசித்தல்

இந்திய இளையோர் கால்பந்து அணிகளின் பன்னாட்டு வரலாற்றை அரைப் பக்கத்தில் எழுதிவிட முடியும். 1974ஆம் ஆண்டு பாங்காக்கில் நடந்த ஆசிய இளையோர் சாம்பியன் போட்டியின் இறுதியாட்டத்தில் இந்தியாவும் ஈரானும் 2-2 எனச் சமன் செய்தன. கோப்பை இரு நாடுகளுக்கும் பொதுவாக அறிவிக்கப்பட்டது. ஷபீர் அலி அணித்தலைவர், அருண் கோஷ் பயிற்சியாளர். ஆசிய அளவில் இந்திய இளையோர் அணி பெற்ற ஒரே பட்டம் அதுதான். உலகக் கோப்பையைப் பொறுத்தவரை, 2025 இறுதிவரை எந்த இளையோர் உலகக் கோப்பைக்கும் இந்தியா தகுதிச் சுற்று வழியாக நுழைந்ததில்லை. இரண்டு முறை ஆடியது. இரண்டு முறையும் போட்டியை நடத்தும் நாடு என்ற உரிமையில்தான் ஆடியது.

இக்கணக்கை விளையாட்டுப் பக்கங்கள் வழக்கமாகப் பயிற்சியாளரின் திறன், உடல்வலிமை, கூட்டமைப்பின் நிர்வாகச் சீர்கேடு ஆகியவற்றைக் கொண்டு விளக்குகின்றன. அவற்றில் உண்மை இல்லாமல் இல்லை. எனினும் சமயபுரத்திலிருந்து எழுதும் நாம் வேறொரு கேள்வியிலிருந்து தொடங்க விரும்புகிறோம். அணிக்குள் வந்தவர்கள் எங்கிருந்து வந்தார்கள்? வராதவர்கள் எங்கே நின்றுவிட்டார்கள்?

முதலில் போட்டிகளின் படிநிலையைப் புரிந்துகொள்வோம். இளையோர் கால்பந்து முதன்மையாக 17 வயதுக்குட்பட்டோர், 20 வயதுக்குட்பட்டோர் என இரு பிரிவுகளாக ஆடப்படுகிறது. தெற்காசியப் போட்டி முதற்படி. இங்கே இந்தியா பலமுறை வென்றுள்ளது. அடுத்தது ஆசியக் கோப்பைக்கான தகுதிச் சுற்று, அதன்பின் ஆசியக் கோப்பை. ஆசியக் கோப்பையில் முன்னிலை பெறும் அணிகளே உலகக் கோப்பைக்குச் செல்லும். 2018இல் மலேசியாவில் 16 வயதுக்குட்பட்டோர் ஆசியக் கோப்பையின் காலிறுதியில் தென்கொரியாவிடம் 0-1 எனத் தோற்றது இந்தியா. அந்த ஒரு ஆட்டத்தை வென்றிருந்தால் 2019 உலகக் கோப்பைக்கு நேரடியாகப் போயிருக்கும். அதே ஆண்டு ஸ்பெயினில் நடந்த கோடிஃப் கோப்பையில் 20 வயதுக்குட்பட்டோர் அணி, பத்துப் பேருடன் ஆடி, அர்ஜென்டினாவின் அதே வயது அணியை 2-1 என வென்றது. 2023 ஆசியக் கோப்பையில் ஜப்பானிடம் 4-8 எனத் தோற்றது. ஜப்பானுக்கு எதிராக நான்கு கோல் அடிக்கும் திறமை உள்ள பிள்ளைகள், அதே ஆட்டத்தில் எட்டு கோல்களை விட்டுக்கொடுக்கிறார்கள். கால் பழகியிருக்கிறது, கடுமையான ஆட்டம் பழகவில்லை என்றே நாம் இதை வாசிக்கிறோம்.

இனி அந்த இரு உலகக் கோப்பைகள். 2017 அக்டோபரில் தில்லி ஜவாஹர்லால் நேரு அரங்கில் ஆண்கள் 17 வயதுக்குட்பட்டோர் அணி அமெரிக்காவிடம் 0-3, கொலம்பியாவிடம் 1-2, கானாவிடம் 0-4 எனத் தோற்றது. கொலம்பியாவுக்கு எதிராக 82ஆம் நிமிடத்தில், சஞ்சீவ் ஸ்டாலின் அடித்த மூலை உதையை ஜீக்சன் சிங் தலையால் முட்டி வலைக்குள் அனுப்பினார். ஃபிஃபா நடத்தும் உலகக் கோப்பை ஒன்றில் இந்தியா அடித்த முதல் கோல் அது. 2022 அக்டோபரில் புவனேசுவரத்தின் கலிங்கா அரங்கில் பெண்கள் 17 வயதுக்குட்பட்டோர் அணி அமெரிக்காவிடம் 0-8, மொராக்கோவிடம் 0-3, பிரேசிலிடம் 0-5 எனத் தோற்றது. ஆறு ஆட்டங்கள், அடித்தது ஒன்று, வாங்கியது 25.

ஜீக்சன் அந்த அணிக்கு வந்த விதம் கவனிக்கத்தக்கது. சொந்த மண்ணில் உலகக் கோப்பை என்பதால், நாடெங்கும் தேடி இரண்டாண்டுகளுக்கும் மேலாக ஓர் அணியைக் கட்டிவந்தார்கள். 2017 தொடக்கத்தில் செருமானியப் பயிற்சியாளர் நீக்கப்பட்டுப் போர்ச்சுகலின் லூயிஸ் நார்ட்டன் டி மாட்டோஸ் பொறுப்பேற்றார். அதன் பின்னர் நட்புமுறை ஆட்டமொன்றில் பஞ்சாபின் மினர்வா அகாடமி அணி இந்த இந்திய அணியைத் தோற்கடித்தது. அதற்குப் பிறகே மினர்வாவிலிருந்து ஜீக்சன் உள்ளிட்ட சிலர் அழைக்கப்பட்டனர். அதாவது, இந்தியாவின் முதல் உலகக் கோப்பைக் கோலை அடித்த சிறுவன் தேசியத் தேடலின் கண்ணில் முதலில் நிலைக்கவில்லை. தேசிய அணியை எதிர்த்து ஆடும் வாய்ப்புக் கிடைத்ததால் கண்ணில் பட்டான். அப்படி எதிர்த்து ஆடும் வாய்ப்பு எத்தனை பிள்ளைகளுக்குக் கிடைக்கும்?

2017 அணியின் 21 பேரில் எட்டுப் பேர் மணிப்பூரைச் சேர்ந்தவர்கள். மிசோரம், சிக்கிம் ஆகியவற்றையும் சேர்த்தால் வடகிழக்கிலிருந்து மட்டும் பத்துப் பேர். அணித்தலைவர் அமர்ஜித் சிங்கின் தாய் மீன் விற்றவர். கோமல் தட்டாலின் பெற்றோர் தையல் தொழிலாளர்கள். அபிஜித் சர்க்காரின் தந்தை வண்டி இழுத்தவர். 2022 பெண்கள் அணியின் 21 பேரில் ஆறு பேர் ஜார்க்கண்டைச் சேர்ந்தவர்கள். அணித்தலைவர் அஸ்தம் ஓராவ்ன், கும்லா மாவட்டத்தின் பழங்குடிக் கிராமமொன்றிலிருந்து வந்தவர். அவர் பெயரில் அவருடைய ஊருக்குச் சாலை போடப்பட்டபோது, அந்தச் சாலைப் பணியிலேயே அவருடைய பெற்றோர் நாள்கூலிக்கு வேலை செய்ததை அப்போதைய நாளேடுகள் எழுதின. மகளின் பெருமைக்காகப் போடப்படும் சாலைக்குப் பெற்றோர் கல் சுமக்கிறார்கள். இதை நெகிழ்ச்சிச் செய்தியாக வெளியிட்டவர்களை என்னவென்று சொல்வது?

ஆக, வறுமை ஒருவரை இந்த அணியிலிருந்து முற்றாக விலக்கவில்லை. மணிப்பூரில் குடியிருப்புப் பகுதிதோறும் உள்ளூர் மன்றமும் அதற்கொரு திடலும் இருப்பது பரவலான வழக்கம். ஜார்க்கண்டில் ஹசாரிபாக் போன்ற இடங்களில் மாநில அரசின் உறைவிடப் பயிற்சி மையங்கள் பழங்குடிச் சிறுமிகளுக்கு உணவு, தங்குமிடம், பள்ளி, பந்து ஆகிய நான்கையும் ஒரே வளாகத்தில் தந்தன. திடலும் விடுதியும் இருந்த இடத்தில் மீன் விற்கும் தாயின் மகன் அணித்தலைவனாக முடிந்தது.

இவ்விரு அணிகளின் 42 இடங்களில் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர் ஒருவர்கூட இல்லை. இம்மாநிலத்தில் கால்பந்தே இல்லை என்றால் இதை விட்டுவிடலாம். ஆனால் 2017-18 பருவத்தின் தேசிய மூத்தோர் பெண்கள் சாம்பியன் தமிழ்நாடு. 2023இலும் அதே பட்டத்தை வென்றது. 2018-19 பருவத்தில் மதுரையின் சேது அணி இந்தியப் பெண்கள் லீக்கையும், சென்னை சிட்டி அணி ஐ-லீக்கையும் வென்றன. 25 வயதில் பட்டம் வெல்லும் மாநிலம் 16 வயதில் காணாமற்போகிறது. திறமை தாமதமாக முளைக்கிறது என்று இதற்குப் பொருளல்ல. 12 வயதிலிருந்து 16 வயதுவரை ஒரு பிள்ளையைத் தாங்கிப் பிடிக்கும் ஏற்பாடு இங்கே மிகச் சில இடங்களில்தான் இருக்கிறது என்பதே பொருள். இருந்த இடத்தில் விளைவும் இருந்தது: கடலூரின் அரசுக் குழந்தைகள் இல்லத்தில் வளர்ந்த சந்தியா ரங்கநாதன் இந்திய மூத்தோர் அணிவரை சென்றார்.

சமயபுரத்திலிருந்து அந்த நான்கு ஆண்டுகளைப் பார்ப்போம். எங்கள் பகுதிச் சேரிப் பிள்ளைகள் பந்தாடுவது அறுவடை முடிந்த வயலில். நடவு தொடங்கினால் திடல் மறைந்துவிடும். வாழை வைத்துவிட்டால் ஆண்டு முழுவதும் இல்லை. எஞ்சும் வெற்றிடங்களும் பூச்சொரிதல், சித்திரைத் தேர் நாள்களில் வண்டி நிறுத்துமிடங்களாகிவிடும். முறையான திடல் வேண்டுமானால் கொள்ளிடத்தையும் காவிரியையும் தாண்டித் திருச்சி அண்ணா விளையாட்டரங்கம் வரை போக வேண்டும். பேருந்துக் கட்டணம், காலணி, காலைப் பயிற்சிக்குப் பிந்தைய முட்டையும் பாலும் ஆகியவற்றை நாள்கூலி வாங்கும் வீடு மாதந்தோறும் தாங்க வேண்டும். பள்ளி வழியாகச் செல்லும் பாதையோ குறுவட்டம், மாவட்டம், மாநிலம் என்று நீள்கிறது. பெரும்பாலும் தோற்றால் வெளியேறும் முறை. ஒரு தோல்வியோடு ஒரு பிள்ளையின் அந்த ஆண்டு முடிந்துவிடும். நகரத்து அகாடமிப் பிள்ளை அதே ஆண்டில் கட்டணம் செலுத்தி லீக் ஆட்டங்கள் ஆடிக்கொண்டிருப்பான். கடுமையான ஆட்டம் பழகவில்லை என்று மேலே குறிப்பிட்டோமே, அந்தக் குறை தொடங்கும் இடம் இதுதான்.

இதில் சாதி எங்கே வருகிறது என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. ஊரும் சேரியும் பிரிந்திருக்கும் நிலவியலில் பள்ளித் திடல், கோயில் திடல், ஏரிக்கரை வெளி ஆகியவை எந்தப் பக்கம் இருக்கின்றன, மாலை ஆறு மணிக்கு மேல் அங்கே யார் தயக்கமின்றி நுழையலாம் என்பதைக் கவனித்தால் விடை கிடைக்கும். நிலம் யாரிடமோ திடலும் அவரிடமே.

வயதுச் சான்றும் அப்படியொரு வாயில். 2009 முதல் ஃபிஃபா ஆண்கள் 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் மணிக்கட்டு எலும்பை எம்.ஆர்.ஐ. கருவியால் சோதிக்கிறது, தேசியத் தேர்வுகளிலும் எலும்பு வளர்ச்சிச் சோதனை உண்டு. வயதைக் குறைத்துக் காட்டும் மோசடியைத் தடுக்க இது தேவைதான். ஆனால் பிறப்பைப் பதிவு செய்யாத வீட்டுப் பிள்ளைக்குப் பள்ளியில் சேர்க்கும் நாளில் தலைமையாசிரியர் ஒரு குத்துமதிப்பான தேதியை எழுதிவிடும் வழக்கம் நாம் அறிந்ததே. ஏட்டில் ஒரு வயது, எலும்பில் ஒரு வயது என்று வரும்போது மோசடிக்காரப் பட்டம் பிள்ளைக்குத்தான் வந்து சேர்கிறது.

சிறுமிகளுக்கு இன்னொரு வாயிலும் உண்டு. 2022 உலகக் கோப்பைக்குச் சில மாதங்களுக்கு முன், ஐரோப்பியப் பயணத்தில் இருந்த பெண்கள் அணியின் துணைப் பயிற்சியாளர் ஒருவர் பாலியல் அத்துமீறல் குற்றச்சாட்டின்பேரில் திருப்பி அழைக்கப்பட்டு நீக்கப்பட்டார். அடுத்த மாதம், ஆகஸ்ட் 15 அன்று, வெளியார் தலையீட்டைக் காரணம் காட்டி அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பையே ஃபிஃபா இடைநீக்கம் செய்தது. 26ஆம் நாள் விலக்கிக்கொண்டது. உலகக் கோப்பைக்கு எட்டு வாரம்கூட இல்லாத நிலையில், 16 வயதுச் சிறுமிகள் தமக்குப் போட்டி உண்டா இல்லையா என்று தெரியாமல் பயிற்சி செய்தார்கள். 0-8 என்ற எண்ணை மட்டும் நினைவில் வைத்திருப்பவர்கள் இதையும் சேர்த்து நினைவில் கொள்ள வேண்டும்.

அணிப் பட்டியலில் பெயர், பிறந்த நாள், ஆடும் இடம், மன்றம் ஆகியவை அச்சிடப்படுகின்றன, சாதி அச்சிடப்படுவதில்லை. வீரர்களின் பெயரைப் பார்த்துச் சாதியை ஊகிக்கும் வேலையை நாம் செய்யப் போவதில்லை. ஆனால் கணக்கெடுக்கப்படாத ஒன்றைப் பற்றி ‘விளையாட்டில் சாதி இல்லை’ என்று அடித்துச் சொல்பவர்கள் எதை வைத்துச் சொல்கிறார்கள்? 2021 ஆகஸ்டில் டோக்கியோ ஒலிம்பிக் அரையிறுதியில் இந்தியப் பெண்கள் ஹாக்கி அணி அர்ஜென்டினாவிடம் தோற்ற நாளில், ஹரித்துவார் அருகே வந்தனா கட்டாரியாவின் வீட்டின் முன் சிலர் வெடி வெடித்துச் சாதியைச் சொல்லி வசைபாடியதாகக் குடும்பத்தார் புகார் அளித்தனர். காவல்துறை வழக்குப் பதிந்தது. அதே ஒலிம்பிக்கில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக மூன்று கோல் அடித்தவர் அவர். வெல்லும்போது இந்தியர், தோற்கும்போது தலித். பட்டியலில் இல்லாத சாதி வீட்டு வாசலுக்கு வழி தெரிந்து வந்துவிடுகிறது.

2025இல் இளையோர் அணிகளின் நிலை சற்று மாறியது. 20 வயதுக்குட்பட்ட பெண்கள் அணி யாங்கூனில் மியான்மரை 1-0 என வென்று இருபது ஆண்டுகளுக்குப் பிறகு ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. 17 வயதுக்குட்பட்ட பெண்கள் அணி பிஷ்கெக்கில் உஸ்பெகிஸ்தானை 2-1 என வென்றும், ஆண்கள் அணி அகமதாபாத்தில் ஈரானை 2-1 என வென்றும் தகுதி பெற்றன. 17 வயதுக்குட்பட்டோர் ஆண்கள் உலகக் கோப்பையும் 2025 முதல் 48 அணிகளுடன் ஆண்டுதோறும் நடக்கிறது. ஆசியாவுக்கான இடங்கள் கூடியுள்ளன. வாயில் அகலமாகும் காலம் இது. இப்போது 11 வயதிலிருக்கும் பிள்ளைகளே 2031இல் அதைக் கடக்கும் வயதில் இருப்பார்கள். எனவே அவர்களுக்கான திடலைப் பற்றி இப்போதே பேசியாக வேண்டும்.

தமிழ்நாடு அரசு ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளை நடத்துகிறது. நலத்துறை விடுதிகள் 2025 ஜூலையில் ‘சமூகநீதி விடுதிகள்’ எனப் பெயர் மாற்றப்பட்டன. உணவும் தங்குமிடமும் பள்ளியும் ஏற்கனவே இருக்கும் இவ்விடங்களில் ஹசாரிபாகின் நான்காவது பொருளான பந்தும் திடலும் சேர்ந்தால் போதும். புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. அரசுப் பணியில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு ஒதுக்கீடு உள்ளது. அதன் பயன் யாரைச் சேரும் என்பதும் இந்தத் திடல்களில்தான் முடிவாகிறது.

திருச்சி மாவட்டக் கல்லூரி மாணவர்கள் இந்தக் கல்வியாண்டிலேயே செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. மாவட்ட ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நல அலுவலருக்கு ஒன்று, மாவட்ட விளையாட்டு மற்றும் இளைஞர் நலன் அலுவலருக்கு ஒன்று என இரண்டு தகவல் உரிமை மனுக்கள். முதலாவதில்: மாவட்டத்திலுள்ள நலப் பள்ளிகள் எத்தனை, திடல் உள்ளவை எத்தனை, உடற்கல்வி ஆசிரியர் பணியிடம் நிரப்பப்பட்டவை எத்தனை, கடந்த மூன்று ஆண்டுகளில் விளையாட்டுக் கருவிகளுக்குச் செலவிட்ட தொகை பள்ளிவாரியாக எவ்வளவு. இரண்டாவதில்: விளையாட்டு விடுதியின் கால்பந்துப் பிரிவில் கடந்த ஐந்தாண்டுகளில் சேர்க்கப்பட்டோரில் பட்டியல் சாதி, பழங்குடிப் பிள்ளைகள் எத்தனை பேர், அவர்களில் இடையில் நின்றவர்கள் எத்தனை பேர். மனுவுக்குப் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை போதும்; வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ளோருக்கு அதுவும் இல்லை. முப்பது நாள்களுக்குள் பதில் தர வேண்டும். வராவிட்டால் முதல் மேல்முறையீடு. கிடைக்கும் பதில்களை எமக்கு அனுப்புங்கள், பள்ளிவாரியாக வெளியிடுவோம்.