பல்லாவரத்துக் கோடரியை விஆருக்குள் ஏற்றுவது

உட்காருங்க தம்பி, டீ வரட்டும். ஏற்கெனவே கையில் இருக்கும் முப்பரிமாண மாடலை விஆருக்குள் கொண்டுபோய்ச் செதுக்க முடியுமா என்றுதானே கேட்டீர்கள்? முடியும். ஆனால் ஃபைல் திறந்துவிட்டது, இனிச் செதுக்கலாம் என்று நம்பித்தான் பாதிப்பேர் மாட்டிக்கொள்கிறார்கள்.

தாம்பரத்தில் இருந்துகொண்டு தொலைதூர உதாரணம் எதற்கு? 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் கண்டெடுத்த பழைய கற்காலக் கைக்கோடரியை எடுத்துக்கொள்வோம். அதன் பிரதி ஒன்றை மேசையில் வைத்து, போனில் சுற்றிச் சுற்றிப் படமெடுத்து மாடலாக்கிவிட்டீர்கள் என்று வையுங்கள். உங்களிடம் இருப்பது முக்கோணங்களால் தைத்த வெறும் தோல். காகிதக்கூழ் கொலு பொம்மை மாதிரி உள்ளே ஒன்றுமிருக்காது. மேசையில் படிந்த அடிப்பக்கம் கேமராவுக்குத் தெரியாததால் அங்கே ஓட்டையும் விழுந்திருக்கும்.

2016இல் ஆக்குலஸ் வெளியிட்டு, 2019இல் அடோபி வாங்கிய மீடியம் போன்ற விஆர் செதுக்கும் செயலிகளுக்குத் தோல் போதாது. இடத்தைப் பொடிப்பொடிக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றும் உருவத்துக்கு உள்ளேயா வெளியேயா, மேற்பரப்பிலிருந்து எவ்வளவு தள்ளி என்று கணக்கு வைக்கும். ஓட்டை இருந்தால் அந்தக் கணக்கு குழம்பும். அதனால் முதலில் பிளெண்டர் மென்பொருளில் ஓட்டையை அடைத்துக்கொள்ளுங்கள். கையோடு முக்கோணங்களையும் குறைத்துவிடுங்கள். ஹெட்செட் விநாடிக்கு 72 முறையாவது இரண்டு கண்ணுக்கும் வரைய வேண்டும். அது திணறினால் தலைசுற்றல் உங்களுக்கு.

மாடல் எஸ்டிஎல் ஃபைலாக இருந்தால் அதில் அலகு கிடையாது, அதையும் பாருங்கள். 120 மில்லிமீட்டர் கோடரி என்றால் 120 என்ற எண் மட்டும் இருக்கும். அதை மீட்டராகப் படிக்கும் செயலியில் கோடரி சென்னை எல்ஐசி கட்டிடத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல் நிற்கும்! பார்க்க வேடிக்கையாகத்தான் இருக்கும்.

என்னை உறுத்துவது வேறு. தோலைக் கட்டங்களாக மாற்றும்போது கட்டத்தைவிட மெல்லியதெல்லாம் கரைந்துபோகும். கோடரியில் மெல்லிய இடம் எது? விளிம்பு. எந்தக் கூருக்காக அந்தக் கோடரியைச் செய்தவன் சில்லுசில்லாகப் பெயர்த்தானோ, அதையே நாம் முதலில் மழுக்கிவிடுகிறோம். கட்டத்தின் பக்கத்தைப் பாதியாக்கலாம். ஆனால் அதே இடத்துக்கு எட்டு மடங்கு கட்டங்கள் வேண்டும்.

வெட்டித் திருத்தப் போவதில்லை என்றால் மாடலைச் செயலியின் கட்டக் களிமண்ணாக மாற்றவே வேண்டாம் என்பேன். பார்வைக்கு மட்டும் பக்கத்தில் நிறுத்தி, புதுக் களிமண்ணில் பார்த்துச் செய்யுங்கள். ஷேப்லேப் என்ற செயலி முக்கோணத் தோலையே நேராகத் திருத்துவதால் அங்கே இந்தத் தொல்லை குறைவு.

ஓபிஜே ஃபைலாகச் சேமித்தால் நிறம் தனிப் படமாக இருக்கும். ஓபிஜேயோடு அதன் துணையான எம்டிஎல் ஃபைலையும் அந்தப் படத்தையும் ஒரே ஃபோல்டரில் போட்டு எடுத்து வாங்க.