அச்சில் உடையும் ஜிஎஸ்எம் சூத்திரம்
திருப்பூரில் துணியின் எடையை ஜிஎஸ்எம்மில், அதாவது சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்றுதான் பேசுவார்கள். சிங்கிள் ஜெர்சிக்கு அதைக் கணக்கிட, ஒரு சென்டிமீட்டரில் உள்ள கோர்ஸ் (கிடை வரிசை), வேல்ஸ் (நெடு வரிசை) எண்ணிக்கைகள், மில்லிமீட்டரில் லூப் நீளம், 5.905 ஆகிய நான்கையும் பெருக்கி, நூலின் கவுண்ட்டால் (நூல் நம்பரால்) வகுக்க வேண்டும். 30-ஆம் நம்பர் நூல், 20 கோர்ஸ், 14 வேல்ஸ், 2.7 மி.மீ. லூப் என்றால் ஏறத்தாழ 149 ஜிஎஸ்எம்.

இந்தச் சூத்திரத்தைப் பைத்தானின் சிம்பை என்ற கணித நூலகத்தில் கொடுத்து, அது தரும் லாடெக்ஸ் (அச்சமைப்பு மொழி) வரியை அறிக்கையில் ஒட்டினால், சில சமயம் பின்னக்கோடு வராது. வரி உடைந்து 'ஃப்ராக்' என்ற எழுத்துகளே அச்சாகும். கணக்கில் பிழையில்லை. பைத்தான் ஒரு சரத்தை மேற்கோள்குறியோடு காட்டும்போது ஒவ்வொரு பின்சாய்வுக்கோட்டையும் இரண்டாக்கிக் காட்டும். லாடெக்ஸுக்கோ இரட்டைக்கோடு என்றால் அடுத்த வரி. பிரிண்ட் கட்டளையில் வெளியிட்டு நகலெடுத்தால் தீர்ந்தது. கையால் தட்டச்சு செய்பவர்களுக்கு நேரெதிர்ச் சிக்கல்: ஒற்றைக்கோட்டையும் அடுத்துள்ள எஃப் எழுத்தையும் சேர்த்துப் பைத்தான் பக்கம் தள்ளும் குறியாக விழுங்கிவிடும். மேற்கோளுக்கு முன் ஆர் சேர்த்தால் விழுங்காது.

மாறியின் பெயரில் அடிக்கோடு இருந்தால் பின்பகுதி கீழொட்டாக இறங்கும். அது பெரிய தொல்லையில்லை. கவுண்ட் போன்ற மாறிக்குத் தமிழ்ப் பெயர் வைப்பதுதான் வில்லங்கம். லாடெக்ஸ் ஆவணத்தைத் தொகுக்கும் பிடிஎஃப்லாடெக்ஸ் பிழை சொல்லி நிற்கும். ஸீலாடெக்ஸ் நிற்காது, கணித எழுத்துருவில் தமிழ் இல்லாததால் பெயரை அச்சிடாமல் விட்டு, லாக் கோப்பில் குறிக்கும். கவனிக்காவிட்டால் கவுண்ட் இல்லாத சூத்திரமே அச்சாகிவிடும். தமிழ் எழுத்துருவை முதன்மையாக அமைத்து, பெயரை டெக்ஸ்ட் கட்டளைக்குள் இடுவதே வழி.