கன்று இலவசம், காப்பது விவசாயி கையில்

மதுரையைச் சுற்றியுள்ள திருமங்கலம், உசிலம்பட்டி, டி.கல்லுப்பட்டி வட்டாரங்களில் மானாவாரி விவசாயம் ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பியே நடைபெறுகிறது. மழை பொய்த்த ஆண்டில் சோளமும் பருத்தியும் கைவிட்டாலும், வரப்பில் நிற்கும் வேம்பும் வாகையும் கைவிடுவதில்லை. தழை ஆட்டுக்கும், கழித்த கிளை அடுப்புக்கும், முதிர்ந்த மரம் அவசரச் செலவுக்கும் உதவும்.

பட்டா நிலங்களில் மரம் வளர்க்க வனத்துறை 2007-08ஆம் ஆண்டிலேயே தனித் திட்டம் தொடங்கியது. 2021-22இல் வேளாண்மைத் துறை மூலம் 'நீடித்த பசுமைப் போர்வைக்கான இயக்கம்' வந்தது. இதில் வனத்துறை நாற்றங்கால்களில் வளர்த்த கன்றுகள் இலவசமாக வழங்கப்பட்டன. இரண்டாம் ஆண்டு முதல் மூன்றாண்டுகளுக்கு, உயிருடன் உள்ள கன்று ஒன்றுக்கு ஆண்டுதோறும் 7 ரூபாய் ஊக்கத்தொகையும் அறிவிக்கப்பட்டது.

50 கன்றுகள் நட்டு 40 பிழைத்தால் ஆண்டுக்கு 280 ரூபாய். 10 மட்டுமே பிழைத்தால் 70 ரூபாய். தொகை சிறிது; தண்ணீர் ஊற்றும் கூலிக்கே போதாது. ஆனால் கூடுதலாகப் பட்டுப்போன 30 கன்றுகள் பல ஆண்டுகள் கழித்துக் கிடைக்க வேண்டிய 30 மரங்கள். நட்டம் அங்கேதான். எனவே கன்று வாங்கும் முன்பே, அதைக் காப்பாற்றும் ஏற்பாட்டைச் செய்துவிட வேண்டும்.

ஆடி, ஆவணியில் ஒன்றரை அடி நீள, அகல, ஆழத்தில் குழி எடுத்து ஆறப்போட வேண்டும். மேல்மண்ணுடன் மக்கிய தொழு உரமும், கரையானைத் தடுக்க ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கும் கலந்து நிரப்ப வேண்டும். ஐப்பசியில் மண் நன்கு நனைந்ததும் நடலாம். கரிசலுக்கு வேம்பும் வாகையும் ஏற்றவை. வடிகால் உள்ள செம்மண்ணில் தேக்கு, வேங்கை, மகோகனி நடலாம். மலைவேம்புக்குக் கிணற்றுத் தண்ணீர் தேவை. பொது வரப்பைத் தவிர்த்துத் தம் எல்லைக்குள் தள்ளி நடுவது, பக்கத்து நிலத்தாருடன் தகராறு வராமல் காக்கும்.

முதல் கோடையே சோதனைக் காலம். கன்றின் அருகே அடியில் சிறு துளையிட்ட மண்பானையைப் புதைத்து, வாரம் ஒருமுறை நிரப்பினால் வேருக்கு ஈரம் கிடைக்கும். ஆடு கடிக்காமல் முள் வேலி அவசியம்.

நட்ட மரங்களைக் கிராம நிர்வாக அலுவலரிடம் தெரிவித்து அடங்கலில் பதிவு செய்வது நலம். வெட்டும் காலத்தில் அது சான்றாக உதவும். இந்த ஆண்டு ஒதுக்கீட்டு விவரத்தை வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேட்டறிந்து விவசாயப் பெருமக்கள் பயன்பெறலாம்.