திருவக்கரைக் கல்மரப் பெயர்: அசைப்பிரிப்பும் ஒலிப்பும்

விழுப்புரம் மாவட்டத் திருவக்கரைக் கல்மரங்களுள் ஒருவகையின் பேரினப் பெயரை 1919இல் சீவார்டு அமைத்தார். ஆங்கில எழுத்தைப் பின்பற்றின் அது மெசெம்பிரியாக்சைலான் என அமையும். நண்பகலையும் அதன்வழித் தெற்கையும் குறிக்கும் கிரேக்கச் சொல்லோடு மரத்தைக் குறிக்கும் சொல் கூடிய தொடர் அது.

பின்சொல் கிரேக்கத்தில் ககரமும் சகரமும் இயைந்த ஓரெழுத்தில் தொடங்குகிறது. தமிழில் மெய் தனித்து மொழிமுதலாகாது. ககர ஒற்றும் தன்னோடன்றிப் பிறவற்றோடு மயங்காது. ஆகவே ககரம் முன்னசையில் ஒட்டிக்கொள்ள, பொருளெல்லை மறைகிறது. ஒலியும் திரிகிறது. வல்லொற்றை அடுத்த சகரம் ‘கட்சி’யிற்போல வன்மையாகவே ஒலிக்கும், ‘ஓசை’யிற்போல உயிர்களிடைப்பட்ட சகரமே மூலத்தின் உரசொலியை நெருங்கும்.

மெசெம்பிரியோசைலான் என எழுதின், மெசெம்/பிரி/யோ/சைலான் என அசை பிரியும். ஐகாரக்குறுக்கத்தால் இறுதியும் நிரையாகி, முழுச்சொல்லும் கருவிளந்தண்ணிழலில் அடங்குகிறது (செய்யுட்கன்று, நா நிற்குமிடம் அறிதற்கே). ககரம் இழப்பே, எனினும் மரம் என்னும் பொருட்கூறு பிளவுபடாது நிற்கிறது. நீர்கடத்தும் திசுவைக் குறிக்கும் ‘சைலம்’ அதே கிரேக்க அடியினின்று பிறந்தது. அதனைப் பள்ளிப் பாடநூல்கள் ககரமின்றியே வழங்குகின்றன.