சத்தம் யாருடையது? – 'பேசும் படம்' பற்றி

1987இல் சிங்கீதம் சீனிவாசராவ் எடுத்த 'புஷ்பக விமானா' தமிழ்நாட்டில் 'பேசும் படம்' என்ற பெயரில் ஓடியது. வசனமே இல்லாத சாதனை என்று இன்றும் அதை மெச்சுகிறோம். வசனம் இல்லை, சரி. சத்தம் இல்லையா?

வேலை தேடும் இளைஞன் (கமல்ஹாசன்), குடித்து விழுந்துகிடக்கும் ஒரு பணக்காரரைக் கட்டிப்போட்டுவிட்டு அவருடைய நட்சத்திர ஓட்டல் அறையில் குடியேறுகிறான். மெத்தை, ஏசி எல்லாம் இருக்கிறது. தூக்கம்தான் வரவில்லை. தன் பழைய அறைக்குப் பக்கத்துச் சினிமாக் கொட்டகையின் இரைச்சலை டேப்பில் பதிந்து வந்து போட்ட பிறகே கண்ணயர்கிறான். நிசப்தம் என்பது ஒரு சொத்து, அதை அனுபவிக்க அவனுடைய உடம்பு பழகவில்லை என்பதை இதைவிடக் கச்சிதமாகச் சொல்லிய தமிழ்ப்பட வசனம் எனக்கு நினைவில்லை.

பிரெஞ்சு இயக்குநர் ழாக் தத்தியை இங்கே கொண்டுவர வேண்டும். (நம்ம ஊரில் 'தத்தி' என்றால் என்ன அர்த்தம் என்று சொல்லவேண்டியதில்லை. அவரே நடித்த உய்லோ பாத்திரத்துக்குப் பொருத்தமான பெயர்தான்.) அவருடைய படங்களில் பேச்சு முணுமுணுப்பாகத் தேய, பொருள்களின் சத்தம் முன்னுக்கு வரும். 1967இல் வந்த 'ப்ளேடைம்' படத்தில் அலுவலக நாற்காலி உட்கார்ந்தவனைப் பார்த்துப் பெருமூச்சு விடும். 1958இல் வந்த 'என் மாமா' படத்தில் மீன் வடிவ நீரூற்றைப் பெரிய மனுஷர்கள் வந்தால் மட்டும் திறந்துவிடுவார்கள். உய்லோ வந்தால் மூடிவிடுவார்கள். ஆனால் உய்லோவுக்குப் பசி கிடையாது. வேலையை மச்சானே பார்த்துக் கொடுக்கிறார், அதையும் சொதப்புகிறார். சிங்கீதத்தின் நாயகனோ கடைசியில் மறுபடி வேலை கேட்கும் கியூவில் போய் நிற்கிறான். சிரிப்பு இங்கே கசக்கிறது.

நான் வளர்ந்தது அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குப் பக்கத்தில். ராத்திரி ஷிப்டில் பவர் பிரஸ் இடிக்கும்போது நன்றாகத் தூங்குவோம். கரண்ட் போய்ச் சத்தம் நின்றால்தான் விழிப்பு வரும். பட்டறைக்குள் யாரும் வாயால் பேசமாட்டார்கள், கேட்காது. எல்லாம் கைஜாடைதான். அங்கே வேலைசெய்த மாமா ஒருத்தருக்கு வலது கையில் மூன்று விரல். நாலு டீ சொல்ல இரண்டு கையையும் தூக்குவார். டீக்கடைப் பையன் ஒவ்வொரு தடவையும் எட்டு டீ கொண்டுவருவான், வேணும்னே. எல்லாரும் சிரிப்பார்கள், மாமாவும்தான்.

'உடல்மொழி' என்று நாம் கட்டுரை எழுதும்போதெல்லாம் எனக்கு அந்தக் கைதான் ஞாபகம் வருகிறது.